புகையை எரித்த மனிதர் பெஞ்சமின் பிராங்க்ளின்



பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? இடி, மின்னல், வானத்தில் ஒரு பட்டம், நூலில் கட்டிய சாவி... அவ்வளவுதானே? பாடப் புத்தகத்தில் அந்தப் படத்தைத்தானே போட்டிருந்தார்கள்! எலக்ட்ரிகல் பிரிவு நண்பர்கள் அவரைத் தங்கள் ஆள் என்று சொந்தம் கொண்டாடுவார்கள். கொண்டாடட்டும், நமக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு விஷயம். அந்த மனிதர் மின்சாரத்தில் மும்முரமாக ஈடுபட்டது சுமார் பத்து வருடம்தான். அடுப்பையும் புகைபோக்கியையும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நாற்பது வருடத்துக்கு மேல்! முப்பத்தாறாவது வயதில் தொடங்கியதை எழுபத்தொன்பதாவது வயதில் கப்பலில் உட்கார்ந்து எழுதி முடித்தார். மெக்கானிக்கல் பிரிவு மாணவன் என்ற உரிமையில் அந்தக் கதையை இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சோப்புக் கடைக்காரர் மகன்

1706 ஜனவரி 17-ம் தேதி பாஸ்டன் நகரில் பிராங்க்ளின் பிறந்தார். அமெரிக்கா என்ற நாடே அப்போது கிடையாது. அதெல்லாம் இங்கிலாந்தின் குடியேற்றப் பகுதிகள். அப்பா ஜோசையா, கொழுப்பை உருக்கி மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர். அவருக்கு மொத்தம் 17 பிள்ளைகள். அதில் நம்ம ஆள் 15-வது. ஆண் பிள்ளைகளில் கடைசி.

இவ்வளவு பெரிய குடும்பத்தில் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடம் போனது மொத்தமே இரண்டு வருடம். அதிலும் கணக்குப் பாடத்தில் தேறவில்லை! (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.) பத்து வயதில் அப்பாவுக்கு உதவியாகத் திரி வெட்டவும் அச்சில் மெழுகு ஊற்றவும் போய்விட்டார். பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் அப்ரண்டிஸ். அண்ணன் அடிப்பார். தம்பி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1723-ல் பதினேழு வயதில் யாரிடமும் சொல்லாமல் பிலடெல்பியாவுக்கு ஓடிவிட்டார். வந்து இறங்கியபோது பையில் இருந்தது கொஞ்சம் சில்லறைதான்.

அப்புறம் நடந்தது உழைப்பின் கதை. லண்டன் போய் அச்சுத் தொழிலை இன்னும் நன்றாகக் கற்றார். திரும்பி வந்து 1728-ல் சொந்த அச்சகம். 1729-ல் 'பென்சில்வேனியா கெசட்' பத்திரிகையை வாங்கினார். 1731-ல் நண்பர்கள் சந்தா போட்டு நடத்தும் நூலகம் தொடங்கினார். சிறுவனாக இருந்தபோது தேறாத கணக்கை, பிற்பாடு தானே புத்தகம் வைத்துப் படித்துச் சரிசெய்தார்.

1735-ல் அவருடைய பத்திரிகையில் தீ விபத்து பற்றி ஒரு கட்டுரை வந்தது. பெயர் போடாமல் அவரே எழுதியது. ஓர் அறையில் எரியும் தணலை முறத்தில் அள்ளி இன்னொரு அறைக்குக் கொண்டுபோகிறீர்களே, மாடிப்படியில் ஒரு துண்டு விழுந்தால் என்ன ஆகும், புகைபோக்கியில் கரி படிந்தால் அதுவே தீப்பிடிக்காதா என்றெல்லாம் கேட்டிருந்தார். அடுத்த வருடமே, 1736-ல், பிலடெல்பியாவில் தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்றை அமைத்தார். ஆக, மின்னலுக்கு முன்னாலேயே நெருப்பு அவர் கவனத்தில் இருந்தது.

குளிரும் விறகும்

இங்கே ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். நமக்கு மார்கழிக் குளிர் என்றால் ஒரு போர்வை போதும். அங்கே குளிர்காலத்தில் ஆறு உறைந்துபோகும். வீட்டுக்குள் நெருப்பு இல்லாவிட்டால் உயிர் பிழைப்பதே கஷ்டம். அதற்காகச் சுவரிலேயே பெரிய குகை மாதிரிக் கணப்பு அடுப்பு கட்டி, மேலே புகைபோக்கி வைத்து, கட்டை கட்டையாக விறகை எரித்தார்கள்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பலன்? அடுப்புக்கு முன்னால் நின்றால் முகம் வேகும், முதுகு நடுங்கும். ஏன் அப்படி? சூடான காற்று லேசானது, மேலே போகும். இது நமக்கும் தெரியும். அந்த அகலமான புகைபோக்கி வழியாக அறையின் சூடான காற்று முழுக்க வெளியே போய்விடும். போன காற்றுக்குப் பதில் காற்று வர வேண்டாமா? கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு எல்லாவற்றிலும் பனிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே வரும். எவ்வளவு பெரிய நெருப்பு மூட்டுகிறோமோ அவ்வளவு குளிர்காற்றையும் நாமே உள்ளே இழுக்கிறோம். சூட்டில் பெரும்பகுதி ஆகாயத்துக்குப் போய்விடும்.

விறகும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலத்தில் வாசலிலேயே வெட்டிக்கொண்ட விறகைச் சில ஊர்களுக்கு நூறு மைல் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது என்று பிராங்க்ளினே எழுதி வைத்திருக்கிறார். ஏழைக் குடும்பங்களுக்கு விறகுச் செலவு பெரிய பாரமாகிவிட்டது.

பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் இரும்புத் தகட்டில் மூடிய பெட்டி அடுப்பு வைத்திருந்தார்கள். அது அறையை நன்றாகச் சூடாக்கும். ஆனால் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது, அறையில் காற்றும் மாறாது. இங்கிலாந்து வழி வந்தவர்களுக்கு நெருப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். இந்த இரண்டு ஆசையையும் ஒரே அடுப்பில் தீர்க்க முடியுமா? இதுதான் பிராங்க்ளின் எடுத்துக்கொண்ட பிராப்ளம்.

பெட்டிக்குள் பெட்டி

1742 வாக்கில் அவர் வடிவமைத்த அடுப்புக்குப் 'பென்சில்வேனியக் கணப்பு' என்று பெயர் வைத்தார். வார்ப்பிரும்புத் தகடுகளைப் பொருத்திச் செய்த பெட்டி. முன்பக்கம் திறந்திருக்கும், ஆகவே நெருப்பு தெரியும். உள்ளே நெருப்புக்குப் பின்னால் இன்னொரு பெட்டி, அதுதான் காற்றுப்பெட்டி. அதற்குள் தடுப்புத் தகடுகள் வைத்து வளைந்து வளைந்து போகும் பாதை.

இரண்டு பாதைகளைத் தனித்தனியாகக் கவனியுங்கள். முதலாவது, புகையின் பாதை. நெருப்பிலிருந்து எழும் புகை காற்றுப்பெட்டியின் முன்பக்கமாக ஏறும், அதன் தலைக்கு மேல் வளையும், பின்பக்கமாகக் கீழே இறங்கும், தரைமட்டத்தில் பின்னால் போய்ப் புகைபோக்கியில் சேரும். போகிற வழியெல்லாம் இரும்புக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகும். இரண்டாவது, நல்ல காற்றின் பாதை. வெளியிலிருந்து தரைக்கு அடியில் ஒரு வழியாக வரும் புதுக்காற்று காற்றுப்பெட்டிக்குள் புகுந்து, வளைந்து வளைந்து சூடேறி, பக்கவாட்டுத் துளைகள் வழியாக அறைக்குள் வரும். புகையும் காற்றும் ஒன்றையொன்று தொடாது. நடுவில் இரும்புத் தகடு. சூடு மட்டும் கைமாறும்.

நம்ம தெர்மல் பாடத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று படம் போட்டு அம்புக்குறி வரைகிறோமே, அதுதான் இது! இந்தக் காற்றுப்பெட்டி யோசனை முழுக்கத் தன்னுடையது என்று பிராங்க்ளின் சொல்லிக்கொள்ளவில்லை. பிரான்சில் நிக்கோலா கோஜே என்பவர் 1713-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருந்தார். அதைத் தன் சிறுபுத்தகத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அந்த நேர்மையைக் கவனிக்க வேண்டும்.

தகடுகளை வார்த்துக் கொடுத்தவர் ராபர்ட் கிரேஸ், பிராங்க்ளினின் பழைய நண்பர், இரும்பு உலை வைத்திருந்தவர். 1744-ல் அடுப்பைப் பற்றி ஒரு சிறுபுத்தகத்தைப் பிராங்க்ளின் தானே எழுதித் தன் அச்சகத்திலேயே அச்சிட்டார். தகடுகளின் படம், பொருத்தும் முறை, பயன்படுத்தும் முறை, எதிர்ப்பாளர்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில், எல்லாம் அதில் இருந்தது. தன் வீட்டு அறை முன்பைவிட இருமடங்கு சூடாக இருக்கிறது, விறகோ நாலில் ஒரு பங்குதான் ஆகிறது என்று அதில் கணக்குச் சொன்னார்.

பேட்டன்ட் வேண்டாம்

சிறுபுத்தகத்தைப் படித்த பென்சில்வேனிய ஆளுநர் ஜார்ஜ் தாமஸுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. சில வருடங்களுக்கு இந்த அடுப்பை விற்கும் தனி உரிமையை, அதாவது பேட்டன்டை, பிராங்க்ளினுக்கே தருவதாகச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் இரண்டு கையாலும் வாங்கியிருப்பார்கள். பிராங்க்ளின் வேண்டாம் என்றார். மற்றவர்கள் கண்டுபிடித்ததையெல்லாம் நாம் அனுபவிக்கிறோம், நம்மால் ஒன்று ஆகுமானால் அதை மற்றவர்களுக்கு மனமுவந்து இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. லண்டனில் ஒரு இரும்புக் கடைக்காரர் இந்தச் சிறுபுத்தகத்தைப் பார்த்து, கொஞ்சம் மாற்றி, தன் பெயரில் பேட்டன்ட் எடுத்துக்கொண்டு நல்ல காசு பார்த்தார் என்று பிராங்க்ளினுக்குத் தகவல் வந்தது. அந்த ஆள் செய்த மாற்றத்தால் அடுப்பின் திறன் குறைந்ததுதான் மிச்சம்! பிராங்க்ளின் வழக்குப் போடவில்லை. பேட்டன்டில் லாபம் பார்க்கும் ஆசையும் இல்லை, சண்டை போடும் ஆசையும் இல்லை என்று விட்டுவிட்டார். பிற்பாடு இடிதாங்கிக்கும் அவர் பேட்டன்ட் எடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க எதற்குமே எடுக்கவில்லை.

இது சரியா தப்பா என்று ஹாஸ்டலில் நாங்கள் ஒரு ராத்திரி முழுக்க வாதம் பண்ணியிருக்கிறோம். அச்சகத்தில் நல்ல வருமானம் இருந்ததால்தான் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது என்றான் ஒரு நண்பன். அதுவும் நியாயம்தான். கஷ்டப்படும் கண்டுபிடிப்பாளன் பேட்டன்ட் எடுத்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இவர் ரகசியம் என்று எதையும் வைத்துக்கொள்ளாததால் என்ன நடந்தது தெரியுமா? யார் வேண்டுமானாலும் அடுப்பைப் பிரித்துப் பார்த்தார்கள், குறை சொன்னார்கள், மாற்றினார்கள். குறையும் சீக்கிரமே வெளியே வந்தது.

எங்கே தவறியது?

ஆமாம் நண்பர்களே, அந்த அடுப்பில் குறை இருந்தது. பெரிய குறை! இதைத்தான் பல பேர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

ட்ராஃப்ட் என்கிறோமே, அதுதான் புகைபோக்கியின் இழுப்பு. அந்த இழுப்பு எதனால் வருகிறது? புகைபோக்கிக்குள் இருக்கும் வாயு வெளிக்காற்றைவிடச் சூடாக, லேசாக இருப்பதால். புகைபோக்கி உயரமாக இருந்தால் இழுப்பு அதிகம். உள்ளே சூடு அதிகமாக இருந்தாலும் இழுப்பு அதிகம்.

இப்போது பிராங்க்ளின் என்ன செய்தார்? புகையிலிருந்து முடிந்தவரை சூட்டை உறிஞ்சி அறைக்குக் கொடுத்தார். அப்புறம் அந்த ஆறிப்போன புகையை மேலே போக விடாமல் கீழே இறங்கச் சொன்னார். சூடு போன புகைக்கு இழுப்பு ஏது? அடுப்பு நன்றாக எரிந்து, புகைபோக்கி நல்ல சூடாக இருக்கும் வரையில் எல்லாம் சரி. நெருப்பைத் தணித்தாலோ புதிதாக மூட்டினாலோ புகை திரும்பி அறைக்குள் வந்துவிடும். தரைமட்டத்தில் புகைபோக்கியோடு இணைக்கவும் தனியாகச் செங்கல் வேலை தேவைப்பட்டது. சரியாகக் கட்டத் தெரியாத கொத்தனார் கையில் அது இன்னும் மோசமாயிற்று.

அதனால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? காற்றுப்பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் இரும்புக் கணப்பாகப் பயன்படுத்தினார்கள். பிலடெல்பியாவில் டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற வானியல் அறிஞர், புகை நேராக மேலே போகும்படிக் குழாயை மாற்றி அமைத்தார். பிற்காலத்தில் 'பிராங்க்ளின் ஸ்டவ்' என்று கடைகளில் விற்றதில் பெரும்பாலானவற்றில் பிராங்க்ளினின் முக்கியமான யோசனையே கிடையாது!

அறைக்குச் சூடு வேண்டும், புகைபோக்கிக்கும் கொஞ்சம் சூடு வேண்டும். ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொன்று பட்டினி. இந்த இழுபறி எல்லாக் கரி அடுப்புக்கும், எல்லா பாய்லருக்கும் உண்டு. பிராங்க்ளின் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டபின் விட்டாரா?

லண்டன் கரி

1757-ல் பென்சில்வேனியாவின் பிரதிநிதியாக லண்டன் போனார். நடுவில் இரண்டு வருடம் போக, 1775 வரை அங்கேதான் இருந்தார். கிரேவன் தெருவில் ஒரு வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். லண்டனில் எரித்தது விறகல்ல, நிலத்திலிருந்து தோண்டிய கரி. ஆயிரக்கணக்கான புகைபோக்கிகள் கரும்புகையைக் கக்கும். சுவர், துணி, நுரையீரல் எல்லாம் கறுப்பு.

முதல் வேலையாகத் தன் அறைக் கணப்பின் கழுத்தில் ஓர் இரும்புச் சட்டம் வைத்து, அதில் முன்னும் பின்னும் நகரும் தகடு ஒன்றைப் பொருத்தினார். நெருப்பு எரியும்போது புகை போகும் அளவுக்கு மட்டும் இடுக்கு விட்டுத் தள்ளிவிடலாம். அறையின் சூடான காற்று வீணாகப் போகாது. நாம் டாம்பர் என்று சொல்வதுதான் இது. 1758 டிசம்பரில் பாஸ்டன் நண்பர் ஜேம்ஸ் போடினுக்கு இதை விவரமாக எழுதினார். அதே கடிதத்தில் இன்னொரு சுவையான விஷயம். கோடையில் நெருப்பே இல்லாத புகைபோக்கியிலும் காற்று ஓடுகிறதாம்! மாலையிலிருந்து மறுநாள் காலை வரை மேலே போகிறது, பகலில் கீழே இறங்குகிறது. பகலெல்லாம் செங்கல் வாங்கி வைத்த சூடு ராத்திரியில் காற்றை மேலே தள்ளுகிறது, பகலில் வெளிக்காற்று சூடு, செங்கல் குளிர்ச்சி, அதனால் தலைகீழ். யார் சார் சும்மா இருக்கும் புகைபோக்கியை ராத்திரி பகலாகக் கவனிப்பார்கள்? இவர் கவனித்தார்.

அடுத்தது பெரிய வேலை. புகை என்பது என்ன? எரியாமல் தப்பி ஓடும் எரிபொருள்தானே? நீங்களே செய்து பாருங்கள். ஒரு மெழுகுவத்தியை அணைத்தவுடன் எழும் வெள்ளைப் புகையில், திரிக்குக் கொஞ்சம் மேலே எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். புகை வழியாகவே தீ இறங்கி வந்து திரி பற்றிக்கொள்ளும்! ஆக, புகையை வெளியே விடுவது காசை வெளியே விடுவது போலத்தான். அதை எரித்துவிட்டால் சூடும் மிச்சம், ஊரும் சுத்தம்.

எப்படி எரிப்பது? வழக்கமான அடுப்பில் புதுக்கரியை நெருப்புக்கு மேல் போடுகிறோம். சூடுபட்டுப் புகை கிளம்பி, நெருப்பைத் தொடாமலேயே மேலே போய்விடுகிறது. பிராங்க்ளின் இதைத் தலைகீழாக்கினார். 1771-ல் அவர் செய்த கரி அடுப்பு பார்வைக்கு அழகான இரும்புப் பூச்சாடி மாதிரி இருக்கும். மேல்மூடியைத் திறந்து கரி போட வேண்டும். காற்றும் மேலிருந்துதான் நுழையும். புகை மேலே போக வழி கிடையாது. கீழே எரியும் தணலுக்குள் புகுந்து, கிராதி வழியாக இறங்கித்தான் போக வேண்டும். தணலுக்குள் போகும்போது புகை எரிந்துவிடும். பிறகு சூடான வாயு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியின் பாதைகளில் சுற்றி, அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் புகைபோக்கிக்குப் போகும்.

கீழ்நோக்கி இழுக்கும் பழைய யோசனைதான், ஆனால் இம்முறை பாடம் கற்றபின்! முதலில் புகைபோக்கியைச் சூடாக்கி இழுப்பு உண்டாக்கிய பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று முறை வகுத்தார். இங்கும் பிரான்சில் டலேம் என்ற பொறியாளர் முந்தைய நூற்றாண்டிலேயே புகையை எரிக்கும் கருவி ஒன்றைக் காட்டியிருக்கிறார் என்று முன்னோடிக்கு மரியாதை செய்தார். இந்த அடுப்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அஜாக்கிரதையான ஆளிடம் விடக்கூடாது என்ற குறையையும் மறைக்கவில்லை.

கப்பலில் எழுதிய பாடம்

அடுப்பு முடிந்தது, எழுத நேரம் கிடைக்கவில்லை. நாட்டின் விவகாரம் இழுத்துக்கொண்டது. 1774 ஜனவரியில் லண்டனில் பிரிவி கவுன்சில் முன் நிற்க வைத்து அவரைக் கேவலமாகப் பேசினார்கள். அவர் ஒரு வார்த்தை பதில் பேசாமல் நின்றார். அந்த வருடக் கடைசியில் மனைவி டெபோரா பிலடெல்பியாவில் இறந்தார். பத்து வருடமாக ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மகன் வில்லியம் இங்கிலாந்து ராஜாவின் பக்கம் நின்றதால் அப்பா, பிள்ளை உறவும் முறிந்தது. 1776-ல் சுதந்திரப் பிரகடனம், அதிலிருந்து 1785 வரை பிரான்சில் தூதர் வேலை. புகழ் வந்த அளவுக்குக் குடும்பம் அவருக்கு வாய்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

1785-ல் எழுபத்தொன்பது வயதில் ஊர் திரும்பக் கப்பலேறினார். மூத்திரப்பையில் கல், நடந்தாலே வலி. அந்த வயதில் நாம் என்ன செய்வோம்? போர்த்திக்கொண்டு படுப்போம். அவர் கடல்நீரின் வெப்பநிலையை அளந்துகொண்டு, மூன்று நீண்ட கட்டுரைகள் எழுதினார். ஒன்று கப்பல்களைப் பற்றி. மற்ற இரண்டும் நம்ம சப்ஜெக்ட்! ஒன்று, புகையும் புகைபோக்கிகள் ஏன் புகைகின்றன, எப்படிச் சரிசெய்வது என்பது. இன்னொன்று, கரியை எரித்து அதன் புகையையும் எரிக்கும் அந்தப் புது அடுப்பின் விவரம். இரண்டும் 1786-ல் அமெரிக்கத் தத்துவக் கழக ஏட்டில் வெளியாயின.

புகைபோக்கிக் கட்டுரையில் ஒன்பது காரணங்களை வரிசையாக எழுதினார். ஒவ்வொன்றுக்கும் சோதனை, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம். உதாரணமாக, புதிதாகக் கட்டிய வீட்டில் கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் உள்ளே காற்று வர வழியில்லை, அதனால் புகையும் வெளியே போகாது. கதவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள், புகை மேலே போனால் நோய் அதுதான்.

அதில் தான் தோற்ற கதையையும் எழுதினார். ஒரு நண்பர் கிராமத்தில் வாங்கிய வீட்டில் புகைபோக்கி புகைந்தது. பிராங்க்ளினைக் கூப்பிட்டுக் காட்டினார். இவரும் பார்த்தார், தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. என் வித்தை பலிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். பிற்பாடு உள்ளே பார்த்தால் விஷயம் தெரிந்தது. வீடு சில வருடம் பூட்டிக் கிடந்தபோது பறவைகள் புகைபோக்கிக்குள் கூடு கட்டி அடைத்து வைத்திருந்தன! உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஒரு பறவைக் கூட்டில் ஏமாந்தேன் என்று அச்சில் எழுதுகிறார். லேபில் ரீடிங் சரியாக வராவிட்டால் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறோமே, நமக்கு இது உறைக்க வேண்டாமா?

கடைசிக் கணக்கு

குறையே இல்லாத மனிதர் என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள், அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. கடைசிக் காலத்தில்தான் மனம் மாறி, 1787-ல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். தாமதம்தான். ஆனால் அடுப்பில் மட்டுமல்ல, இதிலும் தன் தவறைத் திருத்திக்கொள்ள அவருக்கு மனம் வந்தது.

1790 ஏப்ரல் 17-ல் எண்பத்து நாலாவது வயதில் காலமானார். இறுதி ஊர்வலத்துக்குச் சுமார் 20,000 பேர் கூடினார்கள். உயிலில் தன்னைப் பற்றிச் சொல்லும்போது தூதர் பதவிக்கு முன்னால் அச்சுத் தொழிலாளி என்றே குறிப்பிட்டார்.

அந்த உயிலின் இணைப்பில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. பென்சில்வேனியாவின் தலைவர் பதவியில் கிடைத்த சம்பளத்திலிருந்து பாஸ்டனுக்கு 1,000 பவுண்டு, பிலடெல்பியாவுக்கு 1,000 பவுண்டு எழுதி வைத்தார். எதற்கு? அப்ரண்டிஸ் முடித்த, திருமணமான, 25 வயதுக்கு உட்பட்ட கைத்தொழிலாளிகள் சொந்தத் தொழில் தொடங்க 5 சதவீத வட்டிக்குக் கடன்! இருநூறு வருடத்துக்குத் திட்டம் போட்டிருந்தார். நூறு வருடம் கழித்துப் பாஸ்டனில் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதியோடு தொழிலதிபர் கார்னகி கொடுத்ததும் சேர்ந்து, 1908-ல் 'பிராங்க்ளின் யூனியன்' என்ற தொழில்நுட்பப் பள்ளி திறக்கப்பட்டது. பெயர் சில முறை மாறினாலும் அது இன்றும் தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது. அதாவது, நம்மைப் போன்ற பசங்க படிக்கும் இடம்!

அடுப்பின் கதையும் தொடர்ந்தது. 19-ம் நூற்றாண்டில் நெருப்பு அறையை விட்டு வீட்டின் நிலவறைக்கு இறங்கியது. அங்கே கரி உலை, அதைச் சுற்றிக் காற்று ஓடும் உறை, அங்கிருந்து குழாய் வழியாக மாடி அறைகளுக்கெல்லாம் சூடான காற்று. வார்ப்பிரும்பு உலைகள் சூட்டில் வளைந்து, மூட்டு விட்டு, கரிப்புகையும் வாயுவும் வீட்டுக்குள் கசிந்தன. 1895-ல் அயோவா மாநிலத்தில் மார்ஷல்டவுன் என்ற ஊரில் டேவ் லெனாக்ஸ் என்ற மெஷின் ஷாப்காரர் எஃகுத் தகட்டை ரிவெட் அடித்து உலை செய்து அந்தக் கசிவைக் கட்டுப்படுத்தினார். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். புகைக்கு ஒரு பாதை, மூச்சுக்காற்றுக்கு ஒரு பாதை, நடுவில் கசியாத தகடு. 1744 சிறுபுத்தகத்தில் போட்ட அதே படம்.

நண்பர்களே, நாமும் மூன்று வருடம் முடித்து வெளியே போகப்போகிறோம். பி.இ. படித்தவனுக்கு முன்னால் டிப்ளமோ எம்மாத்திரம் என்று சில பேர் சொல்வார்கள். இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போன ஒருவர் தன் முதல் டிசைன் புகைந்தது என்பதற்காக வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை, எழுபத்தொன்பது வயது வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஷாப்புக்குப் போகும்போது, நாம் செய்த ஜாப் எங்கே தவறியது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். ஜூனியர் தம்பி வந்து கேட்டால் மறைக்காமல் காட்டுவோம்.



இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்